ஆப்பி எவ்வளவு ஏறியிருக்கிறது

அந்த வாரம் தினமும் காலையில் கண் விழித்ததும் நான் செய்த முதல் காரியம், மனைவியின் முதுகில் காதை வைப்பது. ஐம்பத்து மூன்று வயதில் இப்படியொரு கொஞ்சலா என்று யாரும் வியக்க வேண்டாம். அவளுக்கு ஆஸ்துமா. ஈப்போவில் ஜெரெபு இறங்கியிருந்தது. எங்கோ காடும் கரிமண்ணும் எரிந்து, காற்றோடு வந்து ஊர்மேல் குந்திக்கொள்ளும் புகைமூட்டத்துக்கு மலாயில் அந்தப் பெயர். தமிழிலும் நாங்கள் அப்படியே சொல்கிறோம். ஊரைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளில் ஒன்றைக்கூடக் காணோம். அவள் முதுகுக்குள் தூரத்தில் யாரோ விசில் ஊதுவதுபோல் கேட்டால் கெட்ட செய்தி. கேட்காவிட்டால் என் காதில்தான் கோளாறோ என்று மற்றக் காதை வைத்துப் பார்ப்பேன்.

"போதுங்க. நெஞ்சு டாக்டருக்குப் படிச்ச மாதிரி," என்று தள்ளிவிடுவாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே போன்ற ஒரு புகைக்காலத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நான்கு நாள் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். அடுத்த தடவை இவ்வளவு அவகாசம் கிடைக்கும் என்று நம்பாதீர்கள், புகை படாத இடமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அந்த வார்த்தையை நான் அவளிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஒற்றை ஆளாக அதைச் சுமந்து திரிந்ததில்தான் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மறை கழன்றது.

எவ்வளவு கழன்றது என்று சொல்கிறேன். ஜன்னல் இடுக்குகளையெல்லாம் பழுப்பு டேப் போட்டு ஒட்டினேன். கதவின் அடியில் ஈரத்துண்டு. குளியலறைக் காற்றுத் துவாரத்தில் அவளுடைய பழைய பாவாடை. காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின் ஒன்றை வாங்கி, அவள் சமைக்கப் போனால் சமையலறைக்கும் துணி மடிக்கப் போனால் அறைக்கும் நாய்க்குட்டியைப்போலத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். அவள் மிளகாய் தாளித்தபோது மெஷினின் விளக்கு சிவப்பானது. நான் அடுப்பை அணைத்துவிட்டேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் ரொட்டியும் ஜாமும்.

"ஜெரெபு என்னைக் கொல்லாது. நீங்கதான் கொல்லப்போறீங்க," என்றாள்.

என் தொழில் ஏர்கோன், அதாவது குளிர்சாதன எந்திரம், பழுது பார்ப்பது. ஈப்போவில் எத்தனையோ கடைகளின் காற்றை நான்தான் கழுவி விடுகிறேன். சொந்தப் பெண்டாட்டிக்கு ஒரு மூச்சு நல்ல காற்று கொடுக்க வக்கில்லாமல் டேப்பைக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

பயத்துக்கு நான் கண்டுபிடித்த மருந்து, அடுத்த நாட்டை எட்டிப்பார்ப்பது. காற்றின் தூய்மைக்கேட்டுக் குறியீடு என்று வானொலியில் அழகாகச் சொல்வார்கள். நாங்கள் ஏ.பி.ஐ. என்று மூன்றெழுத்தில் முடித்துக்கொள்வோம். மணிக்கு ஒரு தடவை கைப்பேசியைத் திறந்து ஈப்போ எவ்வளவு, சிங்கப்பூர் எவ்வளவு, சென்னை எவ்வளவு, டில்லி எவ்வளவு என்று பார்ப்பேன். ஈப்போ நூற்றைம்பதைத் தொடும்போது டில்லி அதற்கு மேலே எங்கோ நிற்கும். அப்பாடா என்றிருக்கும். அடுத்த வீட்டுப் பிள்ளை பரீட்சையில் நம் பிள்ளையைவிட மோசமாகத் தோற்றால் வருமே, அந்த மாதிரியான நிம்மதி. அதைப் பெருந்தன்மையோடு மனைவிக்கும் பகிர்ந்து கொடுப்பேன்.

"டில்லியைப் பாத்தா நாமெல்லாம் சொர்க்கத்துல இருக்கோம்."

"சொர்க்கத்துல இருமல் வருதே," என்பாள் அவள்.

எங்கள் மகள் சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். கம்பெனிகள் வருடத்துக்கு எவ்வளவு கரியமில வாயு விடுகின்றன என்று கணக்கெடுக்கும் வேலை. என்னுடைய நாடுகளின் பட்டியலை அவளுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"அப்பா, இதெல்லாம் ஒரே அளவுகோல் இல்லப்பா. ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு மாதிரி போடுது. நம்ம ஊர்ல நூத்தம்பதுன்னா சுகாதாரமில்லைன்னு போடுவான். அதே நூத்தம்பது இந்தியாவுல நடுத்தரம்."

"அப்ப அம்மாவ இந்தியாவுக்கு பிளேன் ஏத்திட்டா நடுத்தரமாயிருவாளா?"

"விளையாடாதீங்க. இன்னொண்ணு கேளுங்க. நம்ம ஊரு நம்பர் முக்கியமா இருபத்துநாலு மணி நேரத்துச் சராசரியில வருது. இப்ப, இந்த நிமிசம், அம்மா மூக்குல என்ன போகுதுன்னு அது சொல்லாது."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "சரி லா. ஆனா மொத்தத்துல நம்மளவிட அவங்கதானே அதிகமா புகை விடுறாங்க? சீனா, இந்தியா, அமெரிக்கா. நாம எந்த மூலை?"

"ரெண்டையும் போட்டுக் குழப்புறீங்கப்பா. அம்மா நெஞ்சை அடைக்கிற புகை வேற. உலகத்தைச் சூடாக்குற வாயு வேற. அது கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. நாட்டோட மொத்தத்தைப் பாத்தா இந்தியா பெரிசு. தலைக்கு எவ்வளவுன்னு வகுத்தா நாம அவங்களைவிடப் பல மடங்கு."

"நாமன்னா யாரு, நானா?"

"வேற யாரு? பழைய ஏர்கோன கழட்டும்போது கேஸை என்ன பண்றீங்க?"

குழாயைத் தளர்த்தி, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, உஸ்ஸென்று வானத்துக்கு அனுப்பிவிடுவதுதான் நான் முப்பது வருடமாகச் செய்துவருவது. பழைய கேஸில் ஒரு கிலோ, கரியமில வாயுவில் ஆயிரம் கிலோவுக்கும் மேலே போகும் என்றாள் அவள். அன்று மத்தியானம் முழுவதும் நான் என்னை ஒரு தனி நாடாக நினைத்துக்கொண்டேன். மக்கள்தொகை ஒன்று. கொடியில் ஒரு ஸ்பானர். தலைக்கு எவ்வளவு என்று வகுத்தால் உலகில் முதலிடம். வகுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஐந்தாம் நாள் காலையில் முதுகுக்குள் இரண்டு விசில் கேட்டது. ஒன்று மூச்சை இழுக்கும்போது, ஒன்று விடும்போது. இனி இந்த வீட்டில் வைத்திருக்க முடியாது என்று முடிவு செய்தேன். எங்கே கொண்டுபோவது? தைப்பிங்கில் எப்போதும் மழை, புகை கழுவிப் போயிருக்கும், ஆனால் அங்கே தங்க எங்களுக்கு வீடில்லை. கைப்பேசியில் பேராக் மாநிலப் படத்தை விரித்தேன். அளக்கும் நிலையம் இருக்கிற ஊர்களில் எல்லாம் ஆரஞ்சு வட்டம். பத்து காஜா என்ற ஊருக்கு அப்பால், என் மனைவி பிறந்த தோட்டம் இருக்கிற இடத்தில் வட்டமே இல்லை. வெறும் பச்சை.

வட்டம் இல்லை என்றால் அங்கே அளக்க ஆளில்லை என்று பொருள். எனக்கு அது அங்கே புகை இல்லை என்று பட்டது. பயந்தவன் கண்ணுக்கு எது வேண்டுமோ அதுதான் தெரியும். எனக்குப் பச்சை வேண்டியிருந்தது.

அந்தத் தோட்டத்தில் ரப்பர் போய் நாளாகிவிட்டது. செம்பனை வந்தது, அதிலும் பாதியை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். மிச்சமிருப்பது ஒரே ஒரு லயம், ஆறு வீடு. பகலில் ஆள் இருப்பது மனைவியின் அண்ணன் வீட்டில் மட்டும்தான். அறுபது தாண்டிய ஒண்டிக்கட்டை. ஆறு மாடு, ஒரு மோட்டார் சைக்கிள். மற்ற வீட்டுக்காரர்கள் காலையில் வேலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புவார்கள்.

"வாங்க மச்சான், வாங்க. இங்க காத்து சும்மா ஜில்லுன்னு இருக்கு. ஜெரெபெல்லாம் டவுன்காரனுக்கு," என்று வரவேற்றார். அவருக்குப் பின்னால் செம்பனை மரங்களின் தலைகள் மங்கலாகத்தான் தெரிந்தன. நான் அதைப் பனி என்று எடுத்துக்கொண்டேன்.

மெஷினை இறக்கி அறையில் வைத்து ஓட்டிவிட்டேன். லயத்து வீட்டில் சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு முழம் திறந்துதான் இருக்கும். மெஷின் பேராக் மாநிலம் முழுவதையும் சுத்தம் செய்யக் கிளம்பியது.

"ரெண்டு நாளுதான்மா. வாரேன்," என்றேன்.

"டெய்லி வந்து முதுகில காது வைக்கணும்னு நினைக்காதீங்க. அண்ணே சிரிக்கும்," என்றாள் மனைவி. அவளுக்கு அங்கே வந்ததில் சந்தோஷம். டேப் ஒட்டாத ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இரண்டு நாள் விசில் இல்லை என்று தொலைபேசியில் சொன்னாள். நம்பினேன். மூன்றாம் நாள் பிற்பகலில், ஈப்போவில் எனக்குத் தெரிந்த ஒரு பாய் நடத்தும் நாசி கண்டார் சோற்றுக்கடையில் ஏணிமேல் நின்று, பழைய ஏர்கோன் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கேஸ் குழாயில் ஸ்பானரை மாட்டிய நேரம் பார்த்து மச்சானிடமிருந்து தகவல் வந்தது. அவர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்தான், ஆனால் கைப்பேசியில் ரோமன் எழுத்தில், பாதி மலாயும் பாதி தமிழுமாகத் தட்டுவார்.

"மச்சான் API நாயெக். செப்பாட்."

நாயெக் என்றால் ஏறுகிறது. செப்பாட் என்றால் வேகம். ஏ.பி.ஐ. வேகமாக ஏறுகிறதாம். மச்சானுக்கும் என் நோய் தொற்றிவிட்டதே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஏணிமேல் நின்றபடியே ஒரு கையால் பதில் தட்டினேன்.

"பயப்படாதீங்க மச்சான். டில்லில இதைவிட டபுள். அவன் அதுலயும் கல்யாண ஊர்வலம் போறான்."

பதில் இல்லை. அந்தப் பக்கம் நிலையமே இல்லாதபோது இவர் எந்த எண்ணைப் பார்க்கிறார் என்று தோன்றியது.

"எவ்வளவு ஏறிருக்கு?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது.

"இடுப்பு ஒசரம்."

இரண்டு தடவை படித்தேன். இடுப்பு உயரத்துக்கு ஒரு குறியீடு எப்படி ஏறும் என்று விளங்கவில்லை. அது எந்த நாட்டு அளவுகோல் என்றுகூட யோசித்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? யோசித்தேன். கீழே கல்லாவில் இருந்த பாயிடம் கைப்பேசியை நீட்டினேன்.

"இது என்ன பாய் இது, இடுப்பு ஒசரம்கிறாரு?"

பாய் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் படித்தார். முகம் மாறியது.

"அண்ணே, இது நம்பர் இல்ல லா. சேத்துப் படிங்க. ஆப்பி. ஆப்பி நாயெக். நெருப்பு ஏறுது."

மலாயில் ஆப்பி என்றால் நெருப்பு. இந்த நாட்டில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த வார்த்தை. அடுப்புப் பக்கம் போனால் ஆப்பி ஆப்பி என்று கத்தித்தான் எங்களை வளர்த்தார்கள். மூன்று எழுத்தையும் தனித்தனியாக எழுத்துக்கூட்டி, டில்லிக் கல்யாணத்தைப் பற்றிப் பதில் போட்டிருந்தேன் நான்.

ஏணியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. மச்சானைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டேன். எடுத்தாள். பேச்சு வரவில்லை. மூச்சு மட்டும் வந்தது. முதுகில் காது வைத்துத் தேடவேண்டிய விசில், ஸ்பீக்கர் போடாமலேயே கேட்டது.

"பாய், பொம்பாவுக்குப் போன் போடுங்க," என்றேன். தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். பொம்பா என்றால் தீயணைப்பு. அவர் ஏற்கெனவே எண்ணை அழுத்திக்கொண்டிருந்தார்.

வேனை எடுத்துப் பத்து காஜா ரோட்டில் ஏறிய பிறகுதான் அடுத்த அடி விழுந்தது. முன் பெட்டியில் ஏதோ கடகடவென்று உருண்டது. திறந்தால், நீல நிற இன்ஹேலர். புதிது. அவளைத் தோட்டத்துக்குக் கொண்டு போகும்போது மெஷின், ஐம்பது முகக்கவசம், வெப்பமானி, ஈரத்துண்டு, டேப்கூட எடுத்துக்கொண்டேன். கூடுதல் இன்ஹேலரை மட்டும் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று என் வேனிலேயே பத்திரப்படுத்தியிருந்தேன். யாருடைய அவசரத்துக்கு?

"ம்மா, உன்கிட்ட இருக்கிற இன்ஹேலர் தீந்திருச்சா? பேசாத. நகத்தால போன தட்டு. ஆமான்னா ஒண்ணு. இல்லன்னா ரெண்டு."

டக்.

"எங்க இருக்க? வீட்லயா?"

டக். டக்.

"மெயின் ரோட்டு பஸ் ஸ்டாண்ட்லயா? அண்ணே கொண்டாந்து விட்டாரா?"

டக்.

உயிர் வந்தது. லயத்திலிருந்து அந்தப் பேருந்து நிழற்குடைக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும். மச்சான் அவளை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டு, கட்டிக்கிடக்கும் மாடுகளை அவிழ்க்கத் திரும்பிப் போயிருக்கிறார். அவருடைய வண்டியில் மூச்சு வாங்கும் ஆளைப் பத்து காஜா ஆஸ்பத்திரி வரைக்கும் உட்கார வைக்க முடியாது. ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம் என்றால் நான் பாதித் தூரத்தில் இருந்தேன். கூப்பிட இந்தத் தொடர்பைத் துண்டிக்கவும் வேண்டும். அது என்னால் முடியவில்லை. அந்த விசில் கேட்கிறவரை அவள் இருக்கிறாள்.

"மெதுவா இழு. உதட்டைக் குவிச்சு விடு. நான் வந்துக்கிட்டே இருக்கேன்."

அதற்குமேல் என்ன பேசுவது? பேச்சை நிறுத்தினால் அந்தச் சத்தத்தை மட்டும் கேட்கவேண்டி வரும். ஆகவே வாயில் வந்ததைப் பேசினேன். வந்தது நாடுகள்தான். "டில்லி ரொம்ப மோசம்மா. சென்னையில போகிப் பண்டிகை அன்னைக்குப் பாய் தலையணையெல்லாம் கொளுத்துவாங்களாம். சிங்கப்பூர்க்காரன் நம்மளை விட மோசம், தலைக்கு வகுத்தா. யாருகிட்ட வேணும்னாலும் கேளு. நம்ம மக சொன்னா." அவள் அப்படிச் சொல்லவேயில்லை. "எல்லா நாட்டையும் வரிசையா நிக்க வச்சா நாம நடுவுல எங்கயோ நிப்போம். நடுவுல நின்னா ஒண்ணும் ஆகாது. நடுவுல இருக்கறவன யாரு கவனிக்கிறா?" சிவப்பு விளக்கில் ஒரு சீனப் பெரியவர் பக்கத்துக் காரிலிருந்து என்னைப் பார்த்தார். ஐம்பது வயதுக்காரன் ஒருவன் கண்ணில் நீர் வழிய ஸ்டியரிங்கிடம் உலக நாடுகளைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தால் யாரும் பார்க்கத்தான் செய்வார்கள்.

"சிரிக்கிறியா?" என்று கேட்டேன்.

டக். டக்.

அதன் பிறகு கொஞ்ச தூரம், நான் கேட்டதற்கு ஒரு தட்டும் வரவில்லை. விசில் சத்தமும் சன்னமாகிவிட்டது. சத்தம் குறைந்தால் நல்லது என்று வெளியாள் நினைக்கலாம். ஆஸ்துமாக்காரியின் புருஷன் அப்படி நினைக்கமாட்டான். காற்றே போகவில்லை என்றால் விசில் எங்கிருந்து வரும்? நான் ஓட்டிய வேகத்தை எழுத மாட்டேன்.

தோட்டத்து முனையில் புகை சாலைக்குக் குறுக்கே தாழ்வாகக் கிடந்தது. ஜெரெபு சாம்பல் நிறம், இது மஞ்சள். லாலாங் புல் எரியும் வாசனை. நிழற்குடைக்குள் அவள் முழங்கால்மேல் கைகளை ஊன்றி, தோள் இரண்டும் காதுவரை ஏற உட்கார்ந்திருந்தாள். முந்தானை வாயில். உதட்டில் நிறமில்லை. கைப்பேசி மடியில் கிடந்தது, அதிலிருந்து என் குரல் "வந்துட்டேன் வந்துட்டேன்" என்று எனக்கே கேட்டது.

இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினேன். முதல் தடவை அவளால் இழுக்க முடியவில்லை, மருந்து அப்படியே வாயோரமாக வெளியே வந்தது. இரண்டாவது, பாதி. மூன்றாவது உள்ளே போனது. நான்காவது. அவளைத் தூக்கி வேனில் உட்கார வைத்து, ஒரு கையில் அவள் முதுகு, ஒரு கையில் ஸ்டியரிங். ஆஸ்பத்திரி வாசலில் நான் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. சக்கர நாற்காலியோடு ஓடிவந்தவர் என் கையைப் பிடித்து விலக்கித்தான் அந்தச் சத்தம் நின்றது.

உள்ளே அவளுக்கு மருந்தாவி வைத்தார்கள், ஊசி போட்டார்கள். நான் கட்டில் பக்கத்தில் நின்றேன். ஐந்து நிமிடத்தில் ஒரு தாதி வந்து மூக்கைச் சுளித்தார். ஏணியிலிருந்து இறங்கிய அவசரத்தில், நான் ஏர்கோன் கழுவும் மருந்து சட்டை முழுவதும் கொட்டியிருந்தது. கண்ணைக் கரிக்கும் நெடி, எனக்குப் பழகிப்போய் உறைக்கவில்லை.

"அங்கிள், இந்த வாசனையோட அவங்க கிட்ட நிக்கக்கூடாது. வெளிய போங்க."

புகைக்குப் பயந்து வீட்டையே டேப் போட்டு ஒட்டியவனை, நெடி அடிக்கிறது என்று வெளியேற்றினார்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்; ஒரு மணி நேரம் கழித்து மச்சான் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்து பக்கத்தில் உட்கார்ந்தார். புருவம் கருகியிருந்தது. பொம்பாக்காரர்கள் வந்து அணைத்துவிட்டார்கள், லயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, மாட்டுக்கொட்டகை மட்டும் போய்விட்டது என்றார். மாடுகள் எங்கே என்று கேட்டதற்கு, அவிழ்த்துவிட்டது மட்டும்தான் தெரியும் என்று கையை விரித்தார். உள்ளே போய்த் தங்கச்சியைப் பார்க்கவில்லையா என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினார்.

"நான்தான் மச்சான்," என்றார்.

"என்ன நீங்கதான்?"

"தங்கச்சி கொசு கடிக்குதுன்னு சொன்னிச்சு. மாட்டுக்குச் சாயந்தரத்துல தேங்கா மட்டையும் சாணியும் போட்டுப் புகை மூட்டுவேன்ல, அதையே கொஞ்சம் முன்கூட்டியே, அது இருக்கிற ஜன்னல் பக்கமா போட்டேன். சின்னதாத்தான் போட்டேன். மட்டை ஒண்ணு உருண்டு லாலாங்குல விழுந்திருச்சு. காஞ்சு கெடந்துச்சு லா. திரும்பிப் பாக்குறதுக்குள்ள ஏறிருச்சு."

ஆஸ்துமாக்காரியின் ஜன்னலுக்கு வெளியே, கொசுவுக்காகப் புகை. எனக்குள் எது பொங்கியது என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த ஒரு வாரமாக எந்தப் புகைக்கும் ஒரு பக்கத்து நாட்டைப் பிடித்துக்கொண்டே பழகியிருந்தேன். இப்போது வசமாக ஒரு பக்கத்து நாடு, கருகின புருவத்தோடு, என் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தது.

"புத்தி இருக்கா உங்களுக்கு? போன தடவை டாக்டர் என்ன சொன்னாருன்னு தெரியுமா? அடுத்த தடவை வந்தா நேரம் இருக்காதுன்னு சொன்னாரு. புகையே படக்கூடாதுன்னு சொன்னாரு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"யாருகிட்ட சொன்னாரு?"

நான் குனிந்து என் சட்டையை முகர்ந்து பார்த்தேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருந்தா நான் தீக்குச்சியத் தொட்டிருப்பேனா மச்சான்? காத்து வாங்கத்தான் கொண்டாந்து விட்டிருக்கீங்கன்னு நெனச்சேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன், கொஞ்ச நேரம் இருவரும் மாறி மாறிச் சத்தம் போட்டுத் தப்பித்திருப்போம். யாருடைய பங்கு எவ்வளவு என்று வகுக்கத் தெரிந்த என் மகள் சிங்கப்பூரில் இருந்தாள். அவளிடம் அதைக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

டாக்டர் வந்து, இப்போதைக்குப் பரவாயில்லை, ஆனால் இன்று அனுப்ப மாட்டோம், இன்னும் சில மணி நேரம் கவனமாகப் பார்க்க வேண்டும் என்றார். பார்க்கலாமா என்று கேட்டோம். எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, முதலில் இந்தத் துணியை மாற்றுங்கள் என்றார்.

சாலைக்கு எதிரே இருந்த கடையில் எங்கள் உடம்புக்குத் தேறியது இரண்டே பனியன்கள். ஒன்றில் பூனைக்குட்டி, மற்றதில் சைக்கிள். ஆஸ்பத்திரிக் கழிவறைக் குழாயில் தலையை நீட்டிக் கழுவினோம். மச்சான் தலையில் தண்ணீர் விட்டதும் கறுப்பாக வடிந்தது. அறுபது தாண்டிய அந்த மனிதர் பூனைக்குட்டியை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் தன்னைப் பார்த்தார்.

"எனக்குச் சைக்கிளைக் கொடுங்க," என்றார்.

"எனக்குச் சைஸ் அதுதான் மச்சான்."

உள்ளே போனோம். அவள் முகத்தில் முகமூடி, கண் மட்டும் தெரிந்தது. பேசாதே என்று தாதி சொல்லியிருக்க வேண்டும். விரலை மடக்கி என்னை அருகே கூப்பிட்டாள். குனிந்தேன். முகமூடியைக் கொஞ்சம் தூக்கி, என் கழுத்துப் பக்கமாக முகர்ந்தாள். முகமூடியைத் திரும்ப வைத்துக்கொண்டு, கட்டிலின் ஓரத்தைக் காட்டினாள். உட்கார்ந்தேன்.

பிறகு அண்ணனைக் கூப்பிட்டாள். அவர் இரண்டடி தள்ளியே நின்றார். மறுபடியும் விரலை மடக்கினாள். அவர் வந்து குனிந்தார், கண்ணை மூடிக்கொண்டு. அவள் அவர் தலையை முகர்ந்தாள். இருமல் வந்தது. உள்ளங்கையை அவர் நெற்றியில் வைத்துத் தள்ளி, கழிவறைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"போறேன்மா, போறேன்," என்று அவர் எழுந்து போனார். முதுகில் அந்தப் பூனைக்குட்டிக்கு வாலும் வரைந்திருந்தார்கள். அவள் தோள் குலுங்கியது. இருமலா சிரிப்பா என்று தெரியாமல் நான் தாதியைக் கூப்பிட எழுந்தேன். அவள் என் பனியனைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். கையை விடவில்லை. மூச்சு வந்து போய்க்கொண்டிருந்தது, ஒவ்வொன்றாக, இன்னும் விசிலோடுதான்.

கழிவறையில் மச்சான் மூன்றாவது தடவையாகத் தலையில் தண்ணீர் விடும் சத்தம் கேட்டது.